காருக்குள் ஓடும் இரண்டு வயர்கள்: கேன் பஸ் பற்றிச் சில குறிப்புகள்

ஸ்டியரிங்குக்குக் கீழே, டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் சாக்கெட் இருக்கும். குனிந்து பார்த்தால்தான் தெரியும். வரிசைக்கு எட்டாக இரண்டு வரிசை, மொத்தம் 16 பின். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் சொருகுவது இதில்தான். ஓபிடி போர்ட் என்பார்கள். கடந்த பத்து வருடங்களில் வாங்கிய பெட்ரோல், டீசல் கார் என்றால் உங்கள் காரிலும் இருக்கும். பெரும்பாலானவர்கள் ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுபவன். கார் என் துறை இல்லை. ஆனால் காருக்குள்ளே நடப்பது பெரும்பாலும் சாஃப்ட்வேர்தான் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை ஓரமாக நிறுத்தி, இந்த 16 பின் வழியாகக் கேட்டதும், அதைப் புரிந்துகொள்ளப் படித்ததும் சேர்ந்துதான் இந்தக் குறிப்பு. எலெக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. ஓம், வோல்ட் என்ற சொற்கள் பயமுறுத்தாமல் இருந்தால் போதும்.

கம்ப்யூட்டர் எதற்காக உள்ளே வந்தது?

காரில் கம்ப்யூட்டர் வந்தது சொகுசுக்காக என்று நினைப்போம். உண்மையில் அது புகையால் வந்தது.

அமெரிக்காவில் 1970-இல் வந்த தூய காற்றுச் சட்டத் திருத்தம், வண்டிப் புகையை அதிரடியாகக் குறைக்கச் சொன்னது. அதற்கு விடையாக 1970-களின் நடுவில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்தது. சைலன்சர் குழாயின் நடுவே உட்காரும் டப்பா; உள்ளே பிளாட்டினம் போன்ற உலோகங்கள் பூசிய தேன்கூடு. நச்சு வாயுக்கள் அதன் வழியே போகும்போது கெடுதல் குறைந்த வாயுக்களாக மாறும்.

இதில் ஒரு சிக்கல். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் ஒரே டப்பா சமாளிக்க வேண்டுமென்றால், எஞ்சினுக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. கொஞ்சம் விலகினாலும் மூன்றில் ஏதாவது ஒன்று தப்பித்து வெளியே போய்விடும்.

கார்புரேட்டர் என்பது ஜெட்டும் மிதவையும் ஸ்க்ரூவும் சேர்ந்த இயந்திரம். குளிர் காலை, மலையேற்றம், சிக்னலில் நிற்பது என்று எல்லா நிலையிலும் 14.7-ஐ விடாமல் பிடிக்க அதனால் முடியாது. யாராவது புகையை முகர்ந்து பார்த்து உடனுக்குடன் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மூக்குதான் ஆக்சிஜன் சென்சார். 1970-களின் பின்பாதியில் போஷ் செய்த சென்சாரை வைத்து வால்வோ கார்கள் கலிஃபோர்னியாவில் விற்பனைக்கு வந்தன. கலவையில் பெட்ரோல் அதிகமானால் அந்த சென்சார் சுமார் 0.9 வோல்ட் காட்டும். காற்று அதிகமானால் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும். அதைப் படித்து, இன்ஜெக்டர் எத்தனை மில்லி நொடி திறந்திருக்க வேண்டும் என்று முடிவெடுக்க ஒரு மூளை வேண்டும். அதுதான் ஈசியூ.

நம் ஊருக்கும் இதே வழியில்தான் வந்தது. 2000-ஐ ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது கார்புரேட்டர் வண்டிகள் மறைந்து, பின்பக்கம் 'எம்பிஎஃப்ஐ' என்று எழுதிய வண்டிகள் வந்தது ஞாபகம் இருக்கலாம். அந்த எழுத்து சொன்ன சேதி, 'உள்ளே ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்துவிட்டது' என்பதுதான்.

அதன் வேலை எவ்வளவு நெருக்கடியானது என்று ஒரு சின்னக் கணக்கு. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றுகிறது என்றால், ஒரு சுற்றுக்கு 10 மில்லி நொடி. ஒரு சுற்று 360 டிகிரி. அப்படியானால் ஒரு டிகிரிக்குச் சுமார் 28 மைக்ரோ நொடி. பிளக்கில் பொறி ஒன்றிரண்டு டிகிரி தள்ளி விழுந்தாலே வித்தியாசம் தெரியும். கிராங்க் ஷாஃப்ட் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, பல கார்களில் 60 பற்களுக்கு இடமுள்ள சக்கரத்தில் வேண்டுமென்றே 2 பற்களை விட்டுவிடுகிறார்கள். பற்கள் ஒரே சீராகக் கடந்து போய்க்கொண்டிருக்கும்போது திடீரென ஓர் இடைவெளி வரும். அந்தப் பொக்கை வாய்தான் ஈசியூவுக்கு எல்லைக் கல். அங்கிருந்து பல் பல்லாக, ஆறு ஆறு டிகிரியாக எண்ணிக்கொள்கிறது.

ஒரு மூளை பல மூளையானது

எஞ்சினுக்கு ஒரு பெட்டி வந்தது. பிறகு பிரேக்குக்கு: 1978-இல் போஷின் ஏபிஎஸ், மெர்சிடிஸ் எஸ் கிளாஸில். அப்புறம் கியருக்கு, ஏர்பேகுக்கு, ஏசிக்கு, கதவுக்கு. இன்றைய சாதாரணக் காரிலேயே இப்படிப் பல பெட்டிகள். விலை உயர்ந்த காரில் நூறைத் தாண்டும்.

இவை ஒன்றோடொன்று பேச வேண்டும். கியர் மாறும் கணத்தில் எஞ்சின் கொஞ்சம் அடங்க வேண்டும். சக்கரம் வழுக்கினால் பிரேக் பெட்டி எஞ்சின் பெட்டியிடம் 'இழுவையைக் குறை' என்று சொல்ல வேண்டும். வண்டி நகர ஆரம்பித்ததும் கதவுகள் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி வயர் போட்டால்? 20 பெட்டிகள் என்றால் 190 ஜோடிகள். எல்லா ஜோடியும் பேச வேண்டியதில்லைதான். ஆனாலும் வயர் கட்டு தொடை தடிமனுக்குப் போய்விடும். எடை, செலவு எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கே அறுந்தது என்று தேடும் எலெக்ட்ரீஷியனை நினைத்துப் பாருங்கள்.

போஷ் நிறுவனத்தில் 1983-இல் இதற்கான வேலை தொடங்கியது. 1986-இல் டெட்ராய்ட்டில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் வெளியிட்டார்கள். பெயர் கேன். 'கன்ட்ரோலர் ஏரியா நெட்வொர்க்' என்பதன் சுருக்கம். 1987-இல் இன்டெல் அதற்கான முதல் சிப்பைச் செய்தது. 1990-களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் அதோடு சாலைக்கு வந்தது. இன்று கார், லாரி, டிராக்டர், லிஃப்ட், மருத்துவக் கருவி என்று எங்கும் அதுதான்.

இது முறுக்கிய இரண்டு வயர், அவ்வளவுதான். ஒன்றின் பெயர் கேன் ஹை, இன்னொன்று கேன் லோ. எல்லாப் பெட்டிகளும் இந்த இரண்டு வயரிலேயே தொங்குகின்றன. சும்மா இருக்கும்போது இரண்டிலும் 2.5 வோல்ட். ஒரு பெட்டி '0' என்று சொல்ல விரும்பினால் ஹையை 3.5-க்குத் தூக்கி, லோவை 1.5-க்கு இறக்கும். கேட்கும் பெட்டிகள் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். ஸ்பார்க் பிளக்கும் மோட்டாரும் கிளப்பும் மின் இரைச்சல் இரண்டு வயரிலும் ஒரே அளவு ஏறுவதால், கழித்துப் பார்க்கும்போது காணாமல் போய்விடும்.

தலைவர் இல்லாத கூட்டம்

சாஃப்ட்வேர்காரனாக என்னைக் கட்டிப்போட்ட இடம் இதுதான். ஒரே வயரில் எல்லாரும் தொங்கினால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும்?

முறை வைக்கத் தலைவர் ஒருவரை நியமிக்கலாம். ஆனால் தலைவர் செத்தால் கூட்டமே போச்சு. பழைய ஈதர்நெட் மாதிரி, மோதினால் இருவரும் நிறுத்திவிட்டு, தோன்றிய நேரத்துக்குப் பின் மறுபடி முயலலாம். ஆனால் பிரேக் செய்தி 'தோன்றிய நேரம்' வரை காத்திருக்க முடியாது.

கேன் செய்தது வேறு. அதில் 0 வலுவானது, 1 மெலிந்தது. யாராவது ஒருவர் 0 சொன்னால்போதும், வயரில் 0தான் இருக்கும். எல்லாரும் கையை விட்டால் மட்டுமே 1. ஒரு கயிற்றைப் பத்துப் பேர் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கீழே இழுத்தாலும் கயிறு இறங்கும். எல்லாரும் விட்டால்தான் மேலே நிற்கும்.

ஒவ்வொரு செய்தியும் 11 பிட் எண்ணோடு தொடங்கும். மூன்று பெட்டிகள் ஒரே கணத்தில் பேசத் தொடங்குகின்றன என்போம். எண்கள் உதாரணத்துக்கு: பிரேக் 160, எஞ்சின் 256, கதவு 768. பைனரியில் எழுதி முதல் மூன்று பிட்டை மட்டும் பார்த்தால், பிரேக் 000, எஞ்சின் 001, கதவு 011.

முதல் பிட்: மூவரும் 0. யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டாவது பிட்: கதவு 1 என்கிறது, மற்ற இருவரும் 0. வயரில் 0 நிற்கிறது. 'நான் 1 சொன்னேன், 0 கேட்கிறதே, என்னைவிட முக்கியமானவர் பேசுகிறார்' என்று கதவு வாயை மூடிக்கொள்கிறது. மூன்றாவது பிட்டில் அதேபோல எஞ்சின் விலகுகிறது. பிரேக் தொடர்ந்து பேசி முடிக்கிறது. மோதல் நடந்ததே அதற்குத் தெரியாது. ஒரு பிட்கூட வீணாகவில்லை. அது முடித்ததும் மற்ற இருவரும் மறுபடி முயல்வார்கள். அப்போது எஞ்சின் ஜெயிக்கும்.

சிறிய எண்ணுக்கு முதல் மரியாதை. தலைவர் இல்லை, முறை இல்லை, ஆனால் முக்கியமான செய்தி எப்போதும் முதலில் போகும். பல கார்களில் எஞ்சின், பிரேக் பக்கத்து வேகம் நொடிக்கு 5 லட்சம் பிட். ஒரு செய்தியில் அதிகபட்சம் 8 பைட் தகவல். முன்னும் பின்னும் சேரும் பிட்களோடு சுமார் 110 முதல் 135 பிட். அப்படியானால் நொடிக்கு ஏறத்தாழ 4000 செய்திகள் போகலாம்.

தப்பு செய்பவர் தானே வெளியேறுவார்

பேசும் பெட்டி தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டே இருக்கும். சொன்னது ஒன்று, வயரில் கேட்டது வேறு என்றால் உடனே ஆறு 0-க்களைத் தொடர்ச்சியாக அடிக்கும். ஒழுங்கான செய்தியில் ஒரே பிட் ஐந்துக்கு மேல் தொடர்ந்து வரவே கூடாது என்பது விதி. அதனால் ஆறு 0 கேட்டதும் எல்லாருக்கும் 'இந்தச் செய்தி செல்லாது' என்று புரிந்துவிடும். கேட்கும் பெட்டிகளும் கணக்குப் பொருந்தவில்லை என்றால் இதே மாதிரி கத்தலாம்.

ஒரு பெட்டியே பழுதாகி எந்நேரமும் குழப்பிக்கொண்டிருந்தால்? ஒவ்வொரு பெட்டியும் தன் தப்புக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறது. அனுப்பும்போது பிழை வந்தால் 8 கூட்டு. ஒழுங்காக அனுப்பினால் 1 கழி. கணக்கு 255-ஐத் தாண்டினால் வயரிலிருந்து தானே விலகிக்கொள்ள வேண்டும். தொடர்ந்து 32 தடவை சொதப்பினால் ஆள் வெளியே. ஒரு கதவுப் பெட்டியில் தண்ணீர் புகுந்து பைத்தியம் பிடித்தாலும் பிரேக்கும் எஞ்சினும் பேசிக்கொண்டிருக்க இது ஒரு காரணம்.

நாமே கேட்டுப் பார்க்கலாம்

ஓபிடி போர்ட்டும் புகைக் கதையின் தொடர்ச்சிதான். 'மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி கெட்டுப்போனால் கார் தானாகச் சொல்ல வேண்டும், எந்தக் கம்பெனிக் காராக இருந்தாலும் ஒரே சாக்கெட், ஒரே மொழி' என்று கலிஃபோர்னியா வற்புறுத்தியது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் அது கட்டாயமானது. பிறகு ஐரோப்பா, இந்தியா.

16 பின்னில் நமக்கு வேண்டியது சிலதான். 16-ஆம் பின் பேட்டரி பாசிட்டிவ். 4, 5 எர்த். கேன் உள்ள வண்டிகளில் 6 கேன் ஹை, 14 கேன் லோ.

முதல் சோதனைக்கு மல்ட்டிமீட்டர் போதும். கேன் வயரின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். சிக்னல் முனையில் முட்டி எதிரொலிக்காமல் இருப்பதற்காக. இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால், பேட்டரியைக் கழற்றிவிட்டு 6-க்கும் 14-க்கும் இடையே அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் சுமார் 60 ஓம் வரும். 120 வந்தால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத பத்து விளக்கு ஒரே நேரத்தில் எரிந்தால் இந்த அளவு முதலில் பார்க்க வேண்டியது. சில கார்களில் இந்தப் போர்ட் நேரடியாக வயரில் இல்லாமல் நடுவே ஒரு கேட்வே பெட்டி இருக்கும். அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

இரண்டாவது சோதனைக்கு ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் வேண்டும். ஆன்லைனில் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. நாம் கேட்கும் கேள்வி வயரில் எப்படிப் போகிறது என்று பாருங்கள். '2015' என்ற எண்ணோடு ஒரு செய்தி: 'முறை 1, விஷயம் 12'. முறை 1 என்றால் இப்போதைய நிலவரம். விஷயம் 12 என்றால் எஞ்சின் சுற்று. எஞ்சின் பெட்டி '2024' என்ற எண்ணில் பதில் தரும்: 65, 12, 12, 128. முதலில் வரும் 65, முறை எண்ணோடு 64 கூட்டியது. 'உன் கேள்விக்கான பதில்' என்று அர்த்தம். அடுத்த 12, விஷயத்தின் எண். கடைசி இரண்டும்தான் சரக்கு. முதலாவதை 256-ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, 4-ஆல் வகுக்க வேண்டும். 12 × 256 + 128 = 3200; வகுத்தால் 800. ஐடிலிங்கில் நிற்கும் எஞ்சின்.

கூலன்ட் வெப்பம் விஷயம் 5. வரும் எண்ணில் 40 கழிக்க வேண்டும்; 130 வந்தால் 90 டிகிரி. வேகம் விஷயம் 13, அப்படியே கிலோமீட்டர். நம் கேள்விக்கு ஏன் 2015? 11 பிட்டில் அதிகபட்சம் 2047. சிறிய எண்ணுக்குத்தான் முதல் மரியாதை என்று பார்த்தோமே. வேடிக்கை பார்க்க வந்தவருக்கு வரிசையில் கிட்டத்தட்டக் கடைசி இடம். எஞ்சினும் பிரேக்கும் பேசி முடித்த மிச்ச நேரத்தில்தான் நமக்குப் பதில்.

கோட் சொல்வது அறிகுறி

செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஈசியூ உள்ளே ஒரு கோட் எழுதி வைத்திருக்கும். பி0300 என்றால் சிலிண்டர்களில் ஒழுங்கில்லாமல் மிஸ்ஃபயர். பி0420 என்றால் கேட்டலிடிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டலாம். கண் சிமிட்டினால் மிஸ்ஃபயர் கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் போய் கன்வர்ட்டரையே எரித்துவிடும் என்று பொருள். ஓரம் கட்டுவதுதான் நல்லது.

பி0171 வந்தவுடன் 'ஆக்சிஜன் சென்சார் போச்சு, மாற்றிடலாம்' என்று ஆயிரக்கணக்கில் பில் போடுகிறவர்கள் உண்டு. கோட் அப்படிச் சொல்லவே இல்லை. 'பெட்ரோல் குறைவு' என்று சென்சார் உண்மையைச் சொல்லியிருக்கலாம். காற்றுக் குழாயில் எங்கோ வெடிப்பு, பம்ப் வலு குறைந்தது, ஃபில்டர் அடைப்பு, காற்றளக்கும் சென்சாரில் அழுக்கு, எதுவும் காரணமாகலாம். ஜுரம் அடிக்கிறது என்று தெர்மாமீட்டர் சொல்வதற்கு, தெர்மாமீட்டரை மாற்றுவது தீர்வாகுமா?

எங்கள் பகுதியில் அறுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஸ்கேனரில் கோட் பார்த்த பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் குழாய்களின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பார். "தம்பி, மெஷின் எங்க வலிக்குதுன்னு சொல்லும். ஏன் வலிக்குதுன்னு நாமதான் பார்க்கணும்" என்பார். நான் படித்த எந்த மேனுவலும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

போர்ட் சொல்வதை அப்படியே நம்பவும் கூடாது. 2015-இல் வெளியான ஃபோக்ஸ்வாகன் விவகாரத்தில், சோதனைக் கூடத்தில் ஓடும்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும்படி சாஃப்ட்வேர் எழுதியிருந்தார்கள். உலகம் முழுக்க 1.1 கோடி கார்கள். சாலையில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைவிட 40 மடங்கு வரை போனது. அதற்கு முதல் தடயம் தந்தது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு, சைலன்சரில் நேரடியாகக் கருவியைப் பொருத்தி, சாலையில் ஓட்டிப் பார்த்து. கம்ப்யூட்டரிடம் மட்டும் கேட்டிருந்தால் 'எல்லாம் சரி' என்றுதான் பதில் வந்திருக்கும்.

அனுப்பியவர் பெயர் இல்லாத கடிதம்

இனி கேனின் பலவீனம். 1983-இல் யோசித்தவர்கள், வயரில் தொங்கும் எல்லாரும் நம்மாள் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அது நியாயம்தான்; காருக்குள் வெளியாள் எப்படி வருவான்? அதனால் கேன் செய்தியில் 'இது எதைப் பற்றி' என்று இருக்கும், 'யார் அனுப்பியது' என்று இருக்காது. கையெழுத்தும் கிடையாது. '160' என்ற எண்ணோடு வந்தால் அது பிரேக்கின் வார்த்தை. யார் சொன்னாலும்.

2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி ஒன்றைத் தொலைவிலிருந்தே அடக்கிக் காட்டினார்கள். பாட்டுப் பெட்டியில் இருந்த செல்போன் இணைப்பு வழியாக நுழைந்து, அங்கிருந்து கேன் வயருக்கு வந்து, செய்திகளை அனுப்பினார்கள். அமெரிக்காவில் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

அது ஆய்வாளர் வேலை. திருடர் வேலை இன்னும் எளிது. 2022-இல் பிரிட்டனில் வாகனப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவரின் டொயோட்டா ராவ்4 காரே திருடுபோனது. அதற்குமுன் யாரோ முன் பம்பரைப் பிய்த்து ஹெட்லைட் வயரை இழுத்திருந்தார்கள். பிறகு கென் டிண்டெல் என்ற கேன் நிபுணர் 2023-இல் அந்த முறையை விளக்கி எழுதினார். இன்றைய ஹெட்லைட்டும் ஒரு கம்ப்யூட்டர். அதற்கும் கேன் வயர் போகிறது. திருடன் அதைக் கழற்றி, ப்ளூடூத் ஸ்பீக்கர் மாதிரித் தோன்றும் ஒரு டப்பாவைச் சொருகுகிறான். 'சரியான சாவி உள்ளே இருக்கிறது' என்று அது பொய் சொல்கிறது. கார் நம்புகிறது, கதவு திறக்கிறது, எஞ்சின் ஓடத் தயாராகிறது. ரிமோட் சாவியின் ரகசியக் குறியீடு எவ்வளவு வலுவாக இருந்து என்ன பயன்? அந்தச் சாவியைச் சோதித்த பெட்டி, மற்றவர்களுக்குச் சொல்லும் பதிலில் பூட்டு இல்லை.

பூட்டு யாருக்கு?

தீர்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒன்று, செய்தியோடு ரகசியச் சாவியால் செய்த ஒரு முத்திரையையும் சேர்ப்பது. 8 பைட்டில் முத்திரைக்கும் இடம் கண்டுபிடிப்பது சிரமம். 64 பைட் வரை கொள்ளும் கேன் எஃப்டி, 2012-இல் வந்தது, இதற்குக் கை கொடுக்கிறது. இன்னொன்று, ஓபிடி போர்ட்டுக்கும் உள் வயர்களுக்கும் நடுவே காவல்காரப் பெட்டி ஒன்றை வைப்பது. ஜீப் சம்பவத்துக்குப் பிறகு ஃபியட் கிறைஸ்லர் 2018 வாக்கில் இப்படி ஒரு கேட்வேயைப் பொருத்தியது. படிப்பது யாரும் படிக்கலாம். கோடை அழிப்பது, பாகங்களை இயக்கிப் பார்ப்பது என்றால் பதிவு செய்த கருவி வேண்டும்.

திருடனைத் தடுக்கப் போட்ட இந்தப் பூட்டு, மேலே சொன்ன மெக்கானிக்கையும் தடுக்கிறது. வயருக்கு இருவரும் 'வெளியாள்'தான்.

புதிய வண்டி ஒன்றுக்கு பேட்டரி மாற்றினால் அதைக் கணினியில் பதிவு செய்ய வேண்டும். பின் பிரேக் பேட் மாற்ற வேண்டுமென்றால், எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் உள்ள பல வண்டிகளில் ஸ்கேனரால் மோட்டாரைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். கை வேலை அரை மணி நேரம். அனுமதி இல்லாவிட்டால் அந்த அரை மணி நேர வேலைக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். "வேலை தெரியும் தம்பி, கதவுதான் திறக்க மாட்டேங்குது" என்று அவர் ஒருமுறை சொன்னார்.

இது அவர் ஒருவரின் புலம்பல் இல்லை. 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் ஸ்கேனர் போன்ற கருவிகளையும் வெளிச் சந்தைக்குக் கிடைக்காமல் செய்ததாக 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இலும், வயர்லெஸ் தகவலுக்காக 2020-இல் மறுபடியும், பழுதுபார்க்கும் உரிமையை மக்கள் ஓட்டுப் போட்டே வாங்கினார்கள்.

பூட்டே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஹெட்லைட் வழியாகக் கார் போவதைப் பார்த்த பிறகு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பூட்டு வைப்பதும், சாவி யாரிடம் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். முதலாவது பொறியியல். ஒரு மெக்கானிக் தன்னை யாரென்று நிரூபித்து, நியாயமான கட்டணம் கட்டி, குறிப்பிட்ட வண்டிக்குக் குறிப்பிட்ட நேரம் மட்டும் அனுமதி வாங்க முடியும். அவர் செய்தது பதிவாகவும் இருக்கும். வங்கிச் செயலிகளில் நாங்கள் தினமும் எழுதுவது இதுதான். தொழில்நுட்பத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை. சாவி கம்பெனியிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது வியாபார முடிவு. 'பாதுகாப்புக்காக' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டு மூடும்போது நாம் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

புது வண்டி பார்க்கப் போகிறவர்கள் மைலேஜோடு சேர்த்து மூன்று கேள்வி கேட்கலாம். வெளியே பேட்டரி மாற்றினால் வண்டி ஏற்றுக்கொள்ளுமா? கோடை வெளி மெக்கானிக் படிக்க, அழிக்க முடியுமா? சாவி தொலைந்தால் புதுச் சாவியை யார் யாரால் பதிவு செய்ய முடியும்? விற்பனையாளருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். நான்கு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குப் பதிலைத் தேடி வைத்திருப்பார்.

கேன் வயருக்கு அடுத்த படியில் லின் என்று ஒன்று இருக்கிறது. ஒரே வயர், நொடிக்கு 20,000 பிட் வரைதான் வேகம், பவர் விண்டோவும் சைடு மிரரும் பேசிக்கொள்ளும் ஏழை உறவினர். அங்கே தலைவர் உண்டு. அதைப் பற்றி அடுத்த குறிப்பில் எழுதுகிறேன். அதற்குள் உங்கள் வண்டியில் 6-க்கும் 14-க்கும் இடையே எத்தனை ஓம் என்று அளந்து வையுங்கள்.